பெரிய சிப்பிக்குப் பக்கத்தில் நில்லு

ஜன்னலோர இருக்கை எனக்குத்தான் என்பது மூன்று நாட்களுக்கு முன்பே முடிவாகிவிட்ட விஷயம். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வேனின் படம் வரைந்து, யார் எங்கே உட்கார வேண்டும் என்று கட்டம் போட்டு, அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். அப்பா படித்துப் பார்க்காமல்தான் போட்டார். ஆனாலும் கையெழுத்து கையெழுத்துதானே.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மறைமலைநகரில் இருந்தோம். அப்பா கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அப்பாவின் தங்கையான என் அத்தை இன்னொரு கம்பெனியில், கார்க் கதவுப் பூட்டுகளைத் திறந்து திறந்து மூடிச் சோதிக்கும் பிரிவில் இருந்தாள். ஒருவர் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது இன்னொருவர் இறங்குவார். அதனால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து எங்கேயும் போனது கிடையாது.

அத்தை எங்களோடுதான் இருந்தாள். நான் பிறந்த வருஷம் கல்யாணமாகிப் போனவள், நான் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியபோது ஒரு சூட்கேஸோடு திரும்பி வந்துவிட்டாளாம். ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. என்னைப் பொறுத்தவரை அத்தை எனக்காக வந்தவள். எனக்குத் தலை வாரிப் பின்னிவிடுவது அவள்தான். தன் தட்டிலிருக்கும் நல்ல துண்டை என் தட்டில் வைப்பதும் அவள்தான்.

முழுப் பரீட்சை லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்பவரின் வேனை வாங்கிக்கொண்டு அப்பா எங்களை மகாபலிபுரத்துக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். போகிற இடங்களின் பட்டியலும் என் நோட்டில் இருந்தது. முதலில் லைட் ஹவுஸ். நானும் அத்தையும் மட்டும் கைகோத்துக்கொண்டு மேலே ஏறுவோம். பிறகு சிப்பி மியூசியம். பிறகு சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை. கடைசியாகக் கடற்கரையில் வறுத்த மீன்.

அநியாயம் செங்கல்பட்டிலேயே ஆரம்பித்துவிட்டது.

நாஸ்தா சாப்பிட பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டல் வாசலில் நிறுத்தினோம். அங்கே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒருவர், ஐந்து ஐந்தரை வயதுப் பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அப்பா வேனிலிருந்து இறங்கியதும், "அடடே! சார், இன்னா இந்தப் பக்கம்?" என்றார்.

அப்பா வீட்டில் ஒரு நாளும் 'அடடே' என்று சொன்னதில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

"பாப்பாவுக்கு லீவு. மாபலிபுரம் காட்லாம்னு வந்தோம்" என்றார் அவர். அவருக்கும் நடிக்க வரவில்லை. சொல்லும்போது தரையைப் பார்த்தார்.

"நாங்களும் அங்கதான் போய்கினு கீறோம். வண்டில எடம் கீது சார், ஏறுங்க" என்றார் அப்பா.

அச்சரப்பாக்கத்தில் விதையும் உரமும் விற்கும் கடை வைத்திருப்பவராம். அதை அம்மா என்னிடம் கிசுகிசுப்பாகச் சொன்னாள், ஏதோ பெரிய செய்தி போல. உரக் கடைக்காரர் எங்கள் வேனில் ஏன் வர வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

ஓட்டலில் இட்லியும் வடகறியும் வந்தன. எப்போதும் என் பக்கத்தில் உட்காரும் அத்தை, அன்றைக்கு அந்தக் குட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இட்லியைப் பிட்டு, வடகறியில் தொட்டு, வாயால் ஊதி, அவளுக்கு ஊட்டினாள். ஐந்து வயதுக் கழுதைக்கு ஊட்டுவார்களா? அந்தக் குட்டியின் வகிடு கோணலாக இருந்தது. ஒரு பின்னல் காதுக்கு மேலே, இன்னொன்று காதுக்குக் கீழே. பவுடர் கழுத்து வரை அப்பியிருந்தது. இந்த லட்சணத்தில் வெளியே அனுப்பியிருக்கிறாளே, இவள் அம்மா எப்படிப்பட்டவள் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்ப வேனில் ஏறும்போது அந்த மனிதர் தயங்கித் தயங்கிச் சொன்னார், "பாப்பாவுக்கு ஜன்னலாண்ட உக்காந்தாத்தான் வாந்தி வராது."

நான் நோட்டை எடுத்து விரித்து, கையெழுத்தைக் காட்டினேன்.

"இன்னாடி இது, ஊர் சிரிக்கும்" என்று அம்மா நோட்டைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தாள். "சின்னப் புள்ளடி. வுட்டுக்குடு."

அன்றைக்கு நான் 'வுட்டுக்குடு' கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு கணக்கு வைக்க முடியாமல் போய்விட்டது. திருக்கழுக்குன்றத்தில், "அதோ பாருங்க மலை, மேல கோயிலு" என்று அப்பா கைகாட்டினார். எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு அந்தக் குட்டியின் பின்னந்தலைதான் தெரிந்தது.

லைட் ஹவுஸில் நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்தில் போனதும் அம்மா, "எனுக்கு முட்டி வலிக்குது. நீ என்கூட இரு" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு முட்டி வலி கிடையாது. அன்றைக்குக் காலையில்தான் மூன்று மாடி ஏறி வடாம் காயப்போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அப்போ நான் அப்பாகூட ஏறிட்டு வரேன்."

"அப்பாவுக்குத் தலை சுத்தும்."

அப்பா உடனே தலையைப் பிடித்துக்கொண்டார். அதாவது, ஒன்பது வயதான நான் ஏறக் கூடாது, ஐந்து வயதானவள் ஏறலாம். அத்தையும் அந்த மனிதரும் அந்தக் குட்டியும் உள்ளே போனார்கள். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் அத்தை ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் மேலே கம்பிக்குப் பின்னால் மூன்று தலைகள் தெரிந்தன. அந்தக் குட்டி எனக்குக் கையாட்டினாள். நான் ஆட்டவில்லை.

இறங்கி வந்ததும் ஒரு மர நிழலில் உட்கார்ந்து, அத்தை அவள் பின்னல்களை அவிழ்த்துத் தன் சீப்பால் வகிடு எடுத்துப் பின்னிவிட்டாள். அத்தையின் முழங்கால்களுக்கு நடுவே இருக்கும் அந்த இடம் என்னுடையது. உலகத்தில் வேறு யாரும் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்த மனிதர் கொஞ்சம் தள்ளி நின்று, அத்தையின் விரல்கள் எப்படிப் போகின்றன என்று பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நேராகவே கேட்டேன். "உங்கம்மா எங்க? ஏன் வரல?"

"எங்கம்மா போட்டோல கீறாங்க" என்றாள் அந்தக் குட்டி.

அத்தையின் கை ஒரு நிமிஷம் நின்றது. எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. பெற்ற பிள்ளையை எங்கள் தலையில் கட்டிவிட்டு ஒரு அம்மா ஸ்டூடியோவில் போய் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் எனக்குப் புரிந்தது. "போட்டோ எடுக்க இவ்ளோ நேரமா?" என்றேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். எதற்காகக் கிள்ளு வாங்கினேன் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

சிப்பி மியூசியத்துக்குப் போனபோது மத்தியானம் ஆகிவிட்டது. "பெரியவங்க கொஞ்சம் பேசிகினு இருக்கோம். நீ பாப்பாவைக் கூட்டிப் போய்க் காட்டு. கையை மட்டும் வுட்டுடாத" என்றாள் அத்தை. நான் எத்தனையோ நாளாகக் காத்திருந்த மியூசியம். அதையும் அந்தப் பிசுபிசுத்த கையைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டியதாயிற்று.

கண்ணாடிப் பெட்டிகளுக்குள் ஆயிரக்கணக்கில் சிப்பிகள். நகம் அளவு, குடை அளவு, புலிப் புள்ளி போட்டது, முள் முளைத்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் அவள் நின்றாள். "அக்கா, இது உயிரோட கீதா?" என்று கேட்டாள்.

"இல்ல. செத்துப்போச்சு. இது வெறும் ஓடு."

"உள்ள இருந்தது எங்க போச்சு?"

"எனக்குத் தெரியாது."

கடைசி அறையில் என் இடுப்பு உயரத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு ஒரு பெரிய சிப்பி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் மெதுவாகக் கேட்டாள், "அந்த அத்தை எங்க வூட்டுக்கு வருவாங்களா?"

ஆன்ட்டி என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அத்தை என்றாள். அது நான் கூப்பிடுகிற பெயர்.

"வர மாட்டாங்க. அவங்க எனக்கு அத்தை. உனக்கு இல்ல."

"சரிக்கா" என்றாள்.

அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படியே தலையாட்டிவிட்டாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, சொன்னேன்: "இந்தப் பெரிய சிப்பிக்குப் பக்கத்துல நில்லு. நான் வர்ற வரைக்கும் அசையக் கூடாது."

"சரிக்கா."

அந்த நேரம் ஒரு டூரிஸ்ட் பஸ் கூட்டம் உள்ளே நுழைந்தது. நான் அவர்களுக்கு நடுவே புகுந்து வெளியே வந்துவிட்டேன்.

பயமுறுத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஐந்து நிமிஷம் அழட்டும், அவள் அப்பா போய்த் தூக்கிக்கொள்ளட்டும், அவர்கள் பாட்டுக்கு அச்சரப்பாக்கம் போகட்டும். இதுதான் என் திட்டம். வெளியே அம்மா மட்டும் மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்த் துண்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அப்பாவும் அந்த மனிதரும் வேனைக் கடற்கரைப் பக்கம் நிறுத்தப் போயிருந்தார்கள். அத்தை முகம் கழுவிக்கொண்டு வந்து, "பாப்பா எங்கடி?" என்றாள்.

"அவங்க அப்பாவோட போய்ட்டா."

இப்படியொரு பொய் என் வாயில் தயாராக இருந்தது எனக்கே தெரியாது. அத்தை நம்பினாள். நான் அதுவரை அவளிடம் பொய் சொன்னதில்லை.

பேசிக்கொண்டே, வழியில் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். கடற்கரையில் அந்த மனிதர் வேனில் சாய்ந்து நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரித்தார். பிறகு எங்கள் கால்களுக்கு நடுவே பார்த்தார். பின்னால் பார்த்தார்.

"பாப்பா உங்களோட இல்ல?" என்றாள் அத்தை.

அவர் செருப்பைக் கழற்றாமல் கடலைப் பார்த்து ஓடினார். அப்பா அவர் பின்னாலேயே ஓடினார். பெரிய மனிதர் ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. முழங்கால் வரை தண்ணீரில் நின்றுகொண்டு, குளித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு குழந்தையின் முகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அத்தை கடலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். குனிந்து என் இரண்டு தோள்களையும் பிடித்து, "எங்க வுட்ட?" என்றாள்.

"நான் ஒண்ணும்..."

"எங்கடி வுட்ட?"

"பெரிய சிப்பியாண்ட" என்றேன்.

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். வழியில் ஒரு செருப்பு கழன்று போனது, எடுக்கவில்லை. மியூசியத்தின் கடைசி அறையில், நான் நிறுத்திய அதே இடத்தில், அதே பக்கம் திரும்பியபடி அவள் நின்றிருந்தாள். நாங்கள் போய் வந்ததில் முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். டூரிஸ்ட் கூட்டம் போய்விட்டது. பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடந்தது.

"உக்காரும்மான்னு ஸ்டூல் போட்டேன், மாட்டேன்னுடுச்சு" என்றார் காவலாளி. "அக்கா நிக்கச் சொல்லிக்கீதாம். சாக்லேட் குடுத்தாலும் வாங்கல. அழவும் இல்ல, ஒண்ணும் இல்ல. யாருதும்மா இந்தப் புள்ள?"

"எங்களுதுதான்" என்றாள் அத்தை.

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, என் கன்னத்தில் அறைந்தாள்.

அத்தை என்னை அடித்ததே கிடையாது. அம்மா அடிக்க வரும்போது நடுவில் வந்து நிற்பவள் அவள். வலியைவிட அநியாயம்தான் பெரிதாக இருந்தது. காலையிலிருந்து என் இருக்கையை எடுத்துக்கொண்டார்கள், என் லைட் ஹவுஸை எடுத்துக்கொண்டார்கள், எனக்குக் கிள்ளு விழுந்தது, இப்போது அறையும் எனக்கே. அந்தக் குட்டி அத்தையின் இடுப்பிலிருந்து என்னைப் பார்த்து, "அக்காவை அடிக்காதீங்க" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அவளையும் அறைய வேண்டும் போல இருந்தது.

அது என்ன பயணம் என்பது எனக்குப் பல மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அவர் மனைவி இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு அத்தையைக் கேட்டிருந்தார்கள். பெண் பார்க்க வீட்டுக்கு வந்து தட்டு வைத்து உட்காருவதெல்லாம் இன்னொரு தடவை வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டாளாம். "அவரைப் பார்க்குறது இருக்கட்டும். நான் அந்தக் குழந்தையைப் பார்க்கணும், குழந்தை என்னைப் பார்க்கணும். வேணாம்னு தோணுச்சுன்னா யாருக்கும் தெரியாம அவங்கவங்க வூட்டுக்குப் போய்க்கலாம்" என்றாளாம். அந்த ஆவணியில் அச்சரப்பாக்கத்திலேயே கல்யாணம் நடந்தது. அன்றைக்குச் சிப்பிக்குப் பக்கத்தில் நின்றவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். எனக்கு வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்கிறாள்.

என்னிடம் சொல்லியிருக்கலாம். நான்கு பெரியவர்கள் கூடிப் பேசி, வேன் ஏற்பாடு செய்து, 'அடடே' வரைக்கும் ஒத்திகை பார்த்தவர்கள், ஒன்பது வயதுக்காரியிடம், "உன் அத்தையை ஒரு குழந்தைக்கு அம்மாவாகக் கேட்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை இன்றைக்கும் நான் அத்தையிடம் சொல்லிச் சண்டை போடுவதுண்டு. "சொல்லியிருந்தா நீ வேன்லயே ஏறியிருக்க மாட்டியேடி" என்பாள். அதுவும் உண்மைதான்.

அந்தக் குட்டி ஏன் அப்படி நின்றாள் என்பதையும் அத்தைதான் பின்னால் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவள் அம்மா, "கதவாண்டயே நில்லு கண்ணு, அம்மா வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம் வரை குழந்தை கதவுப் பக்கத்திலேயே நின்றதாம்.

"லைட் ஹவுஸ் ஏறும்போதுகூட வேணாம்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன். எனக்குப் பயமா இருந்துச்சு" என்றாள் அத்தை. அவள் மனசு மாறியது மீன் கடையிலாம். அதுவும் நான் போட்ட சத்தத்தில்.

அன்றைக்குக் கோட்டைக்குப் போகவில்லை. அதுவும் என் பட்டியலிலிருந்து அடிபட்டது. ஆனால் எல்லோருக்கும் பசித்தது. கடற்கரையில் ஓலைக் கொட்டகை போட்ட ஒரு கடையில், மணலில் கால் புதைந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். வஞ்சிரமும் இறாலும் வறுத்து வந்தன. அந்த மனிதரின் பேண்ட் முழங்கால் வரை ஈரமாக இருந்தது. யார் விட்டுவிட்டு வந்தது என்று அவர் கேட்கவே இல்லை. அப்பாதான் கேட்டார்.

"ஏன் அப்டி பண்ண? வாயைத் தொற. கடல் பக்கத்துல கீது, புள்ளைக்கு எதுனா ஆயிருந்தா இன்னாடி பண்றது?"

"பேஜார் பண்ணிட்டியேடி" என்றாள் அம்மா. "சார்கிட்ட மன்னிப்பு கேளு."

அத்தை மீனில் முள் எடுத்து, எடுத்து, அந்தக் குட்டியின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் அந்த மீன் என் தட்டுக்கு வரும். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன்.

"நான் இன்னா பண்ணிட்டேன்? தள்ளிவுட்டேனா? அடிச்சேனா? நிக்கச் சொன்னேன், நின்னா! அவ அழவே இல்ல. வாட்ச்மேனையே கேளுங்க. ஒரு சொட்டுகூட அழல! அவளே அழல, உங்களுக்கெல்லாம் இன்னா?"



"ஆமாம்மா" என்றார் அந்த மனிதர், என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல். "நிக்கச் சொன்னா நிப்பா. எவ்ளோ நேரம்னாலும் நிப்பா. அழ மாட்டா."

அத்தையின் விரலில் பிடித்த மீன் தட்டுக்குப் போகாமல் பாதியிலேயே நின்றது. பிறகு அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்து, கொட்டகைக்கு வெளியே இருந்த தண்ணீர் டிரம் பக்கம் போய் நின்றுகொண்டாள். கை கழுவப் போனவள் கழுவவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள். தோள் குலுங்கியது. அப்பா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். காலையிலிருந்து முதல் தடவையாக நான் சொன்னதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. நியாயம் என் பக்கம் இருக்கிறது என்று கடைசியில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அடித்ததற்காக அத்தை வருத்தப்பட்டு அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அழட்டும் என்று விட்டுவிட்டு, உட்கார்ந்து, தட்டிலேயே பெரிதாக இருந்த வஞ்சிரத் துண்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.